வீடு திரும்பும் நேரமும் ஓர் அமானிதமே



சென்ற ஷஅபான் மாதத்தில் நம் சாச்சா அவர்கள் சர்க்கரை நோயால் காலில் ஏற்பட்ட புண்ணுக்காகத் தனியார் மருத்துவமனை ஒன்றில் ஆறு நாட்கள் தங்கிச் சிகிச்சை பெற்றார்கள். ஏழாம் நாள் காலை ஒன்பதரை மணிக்கு ரவுண்ட்ஸ் வந்த பெரிய மருத்துவர், "இன்னைக்கு வீட்டுக்குப் போகலாம் ஐயா" என்று கூறிச் சென்றார். அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிவிட்டு வீட்டிற்குத் தகவல் கொடுத்தோம். சாச்சி ளுஹருக்கு முன்பே கஞ்சி காய்ச்சி வைத்துவிட்டார்கள். அந்தக் கஞ்சியை சாச்சா அருந்தியபோது இரவு மணி பத்தாகிவிட்டது.

இடைப்பட்ட பொழுதில் நடந்தவற்றை நாம் ஒரு தாளில் குறித்து வைத்திருந்தோம். டிஸ்சார்ஜ் சம்மரி எனப்படும் சிகிச்சைச் சுருக்கத்தை டியூட்டி டாக்டர் தட்டச்சு செய்யத் தொடங்கியது பதினொரு மணிக்கு. கையொப்பமிட வேண்டிய மருத்துவர் அறுவை சிகிச்சை அரங்கிலிருந்து வெளியே வந்தது இரண்டரை மணிக்கு. பயன்படுத்தாத மருந்துகள் பார்மஸிக்குத் திரும்பி, கணக்கு முடிந்து, இறுதி பில் காப்பீட்டு நிறுவனத்திற்கு அனுப்பப்பட்டபோது நாலேகால். ஐந்தரைக்கு அங்கிருந்து ஒரு பரிசோதனை அறிக்கையைக் கேட்டுக் கேள்வி வந்தது. அந்த அறிக்கையைத் தேடி அனுப்புவதற்குள் மக்ரிப் முடிந்து ஆறே முக்கால். ஒப்புதல் வந்தது எட்டேகாலுக்கு. நம் பங்குத் தொகையைச் செலுத்தி, கேட் பாஸ் வாங்கி வெளியே வந்தபோது ஒன்பது மணி.

பில்லில் அரைநாள் அறை வாடகை 1,750 ரூபாய் கூடுதலாக இருந்தது. காரணம் கேட்டோம். கவுண்டரில் இருந்த இளைஞர், "பன்னெண்டு மணி தாண்டுனா சிஸ்டம் தானா போட்டுருது பாய்" என்றார். அவர் மீது நமக்குக் கோபம் வரவில்லை. காலையிலிருந்து அவரும் உட்கார்ந்த இடத்தை விட்டு எழவில்லை என்பதை நாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம்.

நம் உள்ளத்தை உறுத்தியது வேறொன்று. வெளியேறும் வழியில், அவசர சிகிச்சைப் பிரிவின் வாசலில், ஸ்ட்ரெச்சரில் ஒரு முதியவர் படுத்திருந்தார். அவருடைய மகள் துப்பட்டாவால் அவருக்கு விசிறிக்கொண்டிருந்தார். பிற்பகல் மூன்று மணி முதல் வார்டில் கட்டில் காலியாகக் காத்திருப்பதாகக் கூறினார். காலை ஒன்பதரைக்கே சிகிச்சை முடிந்துவிட்ட ஒருவர், கட்டிலில் அமர்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கட்டில் தேவைப்பட்ட மற்றொருவர் கீழே வாசலில் கிடந்தார். இருவரும் ஒரே கட்டடத்தில்தான் இருந்தார்கள்.

இதை எழுதத் தூண்டியது அந்தக் காட்சியே. டிஸ்சார்ஜ் தாமதத்தை நாம் நம் பொறுமைக்கான சோதனை என்ற அளவில் மட்டும் பார்த்துப் பழகிவிட்டோம். அது பிறருடைய உரிமையைப் பற்றிய விஷயமும் ஆகும். மார்க்கத்தின் சொல்லில் கூறினால் ஹக்குல் இபாத்.

தாமதம் எங்கே பிறக்கிறது?

"பில்லை ஏற்றுவதற்காகத்தான் இழுத்தடிக்கிறார்கள்" என்று நம்மில் பலர் கூறுவதுண்டு. சில இடங்களில் அதில் உண்மை இருக்கலாம். ஆயினும் சற்று ஆராய்ந்தால், கட்டில் காலியாகாததால் நட்டமடைவது பெரும்பாலும் மருத்துவமனைதான் என்பது விளங்கும். சிகிச்சை முடிந்தவரிடமிருந்து வருவது அரைநாள் வாடகை மட்டுமே. புதிதாக வருபவரிடமிருந்து பரிசோதனை, மருந்து, அறுவை சிகிச்சை என்று அதைவிடப் பன்மடங்கு வருமானம் வரும். ஆகவே எல்லாவற்றையும் பேராசையின் கணக்கில் எழுதிவிடுவது நீதியாகாது. தவறான எண்ணம் கொள்வதைத் தவிர்க்குமாறு நம் மார்க்கம் நமக்குக் கற்பித்துள்ளது.

உண்மையில் "வீட்டுக்குப் போகலாம்" என்ற சொல் ஒரு வேலையின் தொடக்கமே. நாமோ அதை முடிவு என்று எண்ணிக்கொள்கிறோம். அதன்பின் சம்மரி எழுதப்பட வேண்டும். நோய் என்ன, என்ன சிகிச்சை தரப்பட்டது, வீட்டில் எந்த மருந்தை எத்தனை நாள் உண்ண வேண்டும், எப்போது மீண்டும் வர வேண்டும் என்ற விவரங்கள் அதில் பிழையின்றி இடம்பெற வேண்டும். வர வேண்டிய பரிசோதனை முடிவு ஒன்று வராவிட்டாலும் அது நிற்கும். மருந்தகம், ஆய்வகம், ஸ்கேன், பிசியோதெரபி ஆகிய ஒவ்வொரு பிரிவும் தன் கணக்கை முடித்துத் தர வேண்டும். கையில் குத்தியிருக்கும் ஊசியை எடுக்க வேண்டும். காயத்திற்குக் கடைசியாக ஒருமுறை கட்டுப் போட வேண்டும்.

மருத்துவர்கள் பெரும்பாலும் காலையில்தான் ரவுண்ட்ஸ் வருகிறார்கள். எனவே முப்பது பேருக்கு டிஸ்சார்ஜ் என்றால் முப்பது பேருக்கும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் சொல்லப்படுகிறது. முப்பது சம்மரிகளும் ஒரு சில இளம் மருத்துவர்களின் மேசையில் குவிகின்றன. அவர்களுக்கோ அதே நேரத்தில் வார்டில் மூச்சுத் திணறும் நோயாளியையும் கவனிக்க வேண்டியிருக்கிறது. எந்த மனசாட்சியுள்ள மருத்துவரும் மூச்சுத் திணறுபவரிடம்தான் முதலில் ஓடுவார். ஓடவும் வேண்டும். அந்த நேரத்தில் காகிதம் காத்திருப்பது குற்றமன்று.

குற்றம் எதில் என்றால், முன்கூட்டியே செய்யக்கூடியதைச் செய்யாமல் விடுவதில்தான். ஆறாம் நாள் மாலையே நாளை அனுப்பிவிடலாம் என்பது அநேகமாக மருத்துவருக்குத் தெரிந்துவிடுகிறது. அன்றிரவே சம்மரியின் வரைவைத் தயாரிக்கலாம். அன்றிரவே தேவைப்படாத மருந்துகளைத் திருப்பலாம். அதுவரை ஆன பில்லைக் குடும்பத்தாரிடம் காட்டலாம். இது பெரும் செலவு பிடிக்கும் ஏற்பாடு அன்று. டிஸ்சார்ஜுக்கு ஆகும் நேரத்தை அளந்து பதிவு செய்வதை, மருத்துவமனைகளுக்குத் தரச் சான்று வழங்கும் என்.ஏ.பி.எச். வாரியமே தரத்தின் அளவுகோல்களுள் ஒன்றாக வைத்துள்ளது. அளக்கப்பட வேண்டியது என்று ஏற்கப்பட்டுவிட்ட ஒன்றைக் குறைக்கவும் முடியும்தானே?

காப்பீட்டின் கடிகாரம்

காப்பீடு பற்றிய மார்க்கச் சட்ட விவாதத்திற்குள் இக்கட்டுரையில் நாம் புகவில்லை. அதற்கு உலமாக்களின் விரிவான ஆய்வுகள் உள்ளன. ஆனால் பணிபுரியும் நிறுவனத்தின் வழியாகவோ, அரசுத் திட்டத்தின் வழியாகவோ நம் குடும்பங்களில் பலர் காப்பீட்டிற்குள் வந்துவிட்டார்கள் என்பது நடைமுறை உண்மை. நம் சாச்சாவுக்கும் அவர்களுடைய மகனின் நிறுவனக் காப்பீடே இருந்தது.

இதில் அனைவரும் அறிந்திருக்க வேண்டிய ஒரு விதி உண்டு. இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2024 ஆம் ஆண்டு மே 29 அன்று மருத்துவக் காப்பீடு குறித்து ஒரு தலைமைச் சுற்றறிக்கையை வெளியிட்டது. ரொக்கமில்லாச் சிகிச்சைக்கான முதல் கோரிக்கை மீது காப்பீட்டு நிறுவனம் ஒரு மணி நேரத்திற்குள் முடிவெடுக்க வேண்டும். மருத்துவமனையிலிருந்து டிஸ்சார்ஜ் கோரிக்கை வந்து சேர்ந்ததும் மூன்று மணி நேரத்திற்குள் இறுதி ஒப்புதல் தர வேண்டும். அதற்கு மேல் தாமதித்து, அதனால் மருத்துவமனை கூடுதல் கட்டணம் விதித்தால், அதைக் காப்பீட்டு நிறுவனம் தன் பங்குதாரர் நிதியிலிருந்து ஏற்க வேண்டும். அதாவது நோயாளியின் தலையில் அதைக் கட்டக்கூடாது.

இவ்விதியை நாமும் அன்று அறிந்திருக்கவில்லை. நம் குறிப்புத் தாளைப் பின்னர் எடுத்துப் பார்த்தோம். நாலேகாலுக்குச் சென்ற கோரிக்கைக்கு எட்டேகாலுக்கு ஒப்புதல் வந்திருக்கிறது. நான்கு மணி நேரம். அதில் ஒன்றேகால் மணி நேரம், கேட்கப்பட்ட அறிக்கையை மருத்துவமனை தேடியெடுத்து அனுப்ப ஆனது. ஆனால் அதற்கு முன்பு, கோரிக்கை அனுப்பப்படுவதற்கே ஆறே முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. மூன்று மணி நேரம் என்ற விதியின் கடிகாரம் கோரிக்கை சென்ற பின்தான் ஓடத் தொடங்குகிறது. அதற்கு முந்தைய நேரத்தைக் கேட்பார் இல்லை. "இன்சூரன்ஸ்ல இருந்து இன்னும் வரல" என்ற ஒரே பதிலுக்குள் அந்த நேரமும் சேர்ந்து மறைந்துவிடுகிறது.

ஆகவே நாம் கேட்க வேண்டிய கேள்வி "எப்போது முடியும்?" என்பதன்று. "இப்போது கோப்பு எங்கே இருக்கிறது? காப்பீட்டு நிறுவனத்திற்கு எத்தனை மணிக்கு அனுப்பினீர்கள்?" என்று பணிவுடன் கேட்க வேண்டும். நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். நிறுவனத்தின் மீது புகார் இருந்தால் ஆணையத்தின் பீமா பரோசா இணையதளத்திலோ, 155255 என்ற எண்ணிலோ பதிவு செய்யலாம். அதிலும் தீராவிட்டால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை அணுகலாம்.

அளவையில் மோசடி

இனி அந்த 1,750 ரூபாய்க்கு வருவோம். தொகை சிறியது. ஆனால் அதற்குள் இருக்கும் கேள்வி பெரியது.

பிறரிடம் அளந்து வாங்கும்போது நிறைவாக வாங்கிக்கொண்டு, பிறருக்கு அளந்து கொடுக்கும்போது குறைத்துவிடுவோரை அல்லாஹ் தன் திருமறையில் கடுமையாக எச்சரிக்கின்றான். அந்த எச்சரிக்கையின் பெயராலேயே ஓர் அத்தியாயம் அமைந்துள்ளது. அல்முதஃப்ஃபிஃபீன் என்னும் அந்த 83 ஆம் அத்தியாயத்தை மதரஸாவில் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்கும்போது அரிசிக் கடையையும் தராசையும் உதாரணமாகக் கூறுகிறோம். நேரமும் அளந்து விற்கப்படும் இக்காலத்தில் அந்த எச்சரிக்கை நேரத்திற்குப் பொருந்தாதா?

நோயாளி பன்னிரண்டு மணியைத் தாண்டினால் வாடகை. மருத்துவமனை நான்கு மணியைத் தாண்டினாலும் நோயாளிக்கே வாடகை. இது ஒருபக்கத் தராசு. நோயாளியோ குடும்பத்தாரோ பணம் புரட்டத் தாமதித்தால் வாடகை கேட்பதில் நியாயம் உண்டு. தன் அலுவலகத்தின் தாமதத்திற்கு நோயாளியிடம் கட்டணம் பெறுவது, மனம் ஒப்பாத ஒருவரின் பொருளைப் பெறுவதாகும். "சிஸ்டம் போடுகிறது" என்ற பதில் மறுமையில் செல்லாது. அந்த சிஸ்டத்தை அப்படி அமைக்கச் சொன்னவர் ஒரு மனிதரே.

நம் சமுதாயத்தில் மருத்துவமனை நடத்துவோர் பலர் இருக்கிறார்கள். மருத்துவர்களும் நிர்வாகிகளும் இருக்கிறார்கள். அவர்களில் பலர் ஏழைகளுக்குக் கட்டணத்தைக் குறைத்தும், ரமலானில் அள்ளிக் கொடுத்தும் வருவதை நாம் அறிவோம். அல்லாஹ் அவர்களுக்கு நற்கூலி வழங்குவானாக. அவர்களிடம் நாம் உரிமையோடு ஒன்று கேட்கிறோம். தர்மத்திற்கு முன்னால் நீதி. மருத்துவர் "போகலாம்" என்று எழுதிய நேரத்திற்குப் பின் நிர்வாகத் தாமதத்திற்காக ஒரு ரூபாயும் வாங்குவதில்லை என்று உங்கள் பில்லிங் கவுண்டரில் எழுதி வையுங்கள். அந்த ஒரு பலகை உங்கள் ஊழியர்களின் கைகளை வேகப்படுத்தும். எவருக்கும் சொல்லாமலே உங்கள் வருவாயையும் தூய்மைப்படுத்தும்.

பணத்திற்காகத் தடுத்து வைப்பது

தாமதத்தினும் கொடியது தடுத்து வைத்தல். பில் தொகை முழுவதும் கட்டாதவரை நோயாளியை அனுப்ப மாட்டோம் என்று கூறுவதை நாம் கேட்டிருக்கிறோம். தேசிய மனித உரிமை ஆணையம் 2018 ஆம் ஆண்டில் வகுத்த நோயாளிகளின் உரிமைச் சாசனம், பணப் பிரச்சினையைக் காரணம் காட்டி நோயாளியையோ இறந்தவரின் உடலையோ பிடித்து வைக்கக்கூடாது என்று கூறுகிறது. 2017 ஆம் ஆண்டில் டெல்லி உயர் நீதிமன்றமும் பாக்கித் தொகைக்காக நோயாளியைப் பிணையாகப் பிடித்து வைக்க இயலாது என்று கண்டித்துள்ளது. பாக்கியை வசூலிக்கச் சட்டப்படியான வழிகள் மருத்துவமனைக்கு உள்ளன.

மார்க்கத்தின் நிலையும் இதற்கு நெருக்கமானதே. கடன்பட்டவர் நெருக்கடியில் இருந்தால் வசதி வரும்வரை அவகாசம் கொடுக்குமாறு குர்ஆன் (2:280) பணிக்கிறது. அதேவேளை மறுபக்கத்தையும் நாம் சொல்லியாக வேண்டும். வசதியுள்ளவர் கடனைத் தள்ளிப்போடுவது அநீதி என்று நபி (ஸல்) அவர்கள் கூறியுள்ளார்கள். உரிமைச் சாசனத்தைக் கையில் வைத்துக்கொண்டு, கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல் நழுவ நினைப்பவருக்கு அதில் இடமில்லை. மருத்துவமனைக்குத் தர வேண்டிய பாக்கியும் கடனே. அதை அடைக்காமல் இறந்தால் அது வாரிசுகள் சொத்தைப் பங்கிடும் முன் தீர்க்க வேண்டிய கடன்களில் ஒன்றாகவே நிற்கும்.

மய்யித்து காத்திருக்கும் நேரம்

எழுதக் கை தயங்கினாலும் இதையும் எழுத வேண்டியுள்ளது. எல்லா நோயாளிகளும் நடந்து வீடு திரும்புவதில்லை. மவுத்தாகிவிட்டவரின் ஜனாஸாவை விரைந்து அடக்கம் செய்யுமாறு நபி (ஸல்) அவர்கள் நமக்கு வழிகாட்டியுள்ளார்கள். ளுஹருக்கு மவுத்தானால் அஸருக்கோ மக்ரிபுக்கோ அடக்கம் என்று பழகிய நமக்கு, பில்லுக்காகவும் ஒப்புதலுக்காகவும் மய்யித்து குளிர்பெட்டியில் காத்திருப்பது தாங்கவொண்ணா வேதனை.

நாம் மேலே குறிப்பிட்ட 2024 சுற்றறிக்கை இதற்கும் வழி செய்துள்ளது. சிகிச்சையின்போது நோயாளி இறந்துவிட்டால் காப்பீட்டு நிறுவனம் உடனடியாகக் கோரிக்கையைப் பரிசீலித்து, உடல் உடனே ஒப்படைக்கப்பட வழி செய்ய வேண்டும் என்று அது கூறுகிறது. துயர வீட்டில் இந்த விதியைத் தேடிப் படிக்க எவருக்கும் மனம் இருக்காது. ஆகவே ஜமாஅத்தில் ஒருவராவது இதை முன்பே அறிந்திருக்க வேண்டும்.

சாலை விபத்து போன்ற மரணங்களில் காவல்துறை விசாரணையும் பிரேதப் பரிசோதனையும் சட்டப்படி நடந்தாக வேண்டும். மருத்துவமனையோடு சண்டையிட்டு இதைத் தவிர்க்க முடியாது. முன்பு சூரியன் மறைந்துவிட்டால் மறுநாள் காலைவரை காத்திருப்பதே வழக்கமாக இருந்தது. 2021 நவம்பரில் ஒன்றிய சுகாதார அமைச்சகம், தேவையான வசதிகள் உள்ள மருத்துவமனைகளில் இரவிலும் பிரேதப் பரிசோதனை செய்ய அனுமதித்தது. கொலை, தற்கொலை, பாலியல் வன்கொடுமை, சிதைந்த உடல், சந்தேக மரணம் போன்றவை பொதுவாக அதில் சேரா. எனவே மக்ரிப் ஆகிவிட்டதென்று சோர்ந்துவிடாமல், காவல் நிலைய அறிக்கையை விரைவாகப் பெற ஒருவரும், மருத்துவமனையில் கேட்க ஒருவரும் எனப் பிரிந்து செயல்பட்டால் இன்ஷா அல்லாஹ் சில மணி நேரங்கள் மிச்சமாகும்.

நம் பக்கத்துத் தாமதங்கள்

பிறரின் குறையை மட்டும் பேசி முடிப்பது நமக்கு அழகன்று. நம்மாலும் தாமதம் உண்டாகிறது.

நமக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் மூதாட்டி ஒருவர் இடுப்பு எலும்பு முறிந்து சிகிச்சை பெற்றார். மருத்துவர் அனுப்பலாம் என்று கூறிய பின்னும் நான்கு நாட்கள் அவர் மருத்துவமனையிலேயே இருந்தார். பில் பிரச்சினை எதுவும் இல்லை. மகன்கள் மூவர். வெளிநாட்டில் இருக்கும் மூத்தவர் தொலைபேசியில் ஒன்றைக் கூறுகிறார். இரண்டாமவரின் வீடு மாடியில் இருக்கிறது. மூன்றாமவரின் மனைவிக்குப் பிரசவ நேரம். மருமகள்களின் பேச்சு வராந்தா வரை கேட்டது. அந்த உம்மா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார்கள். அவர்களுக்குக் காது நன்றாகக் கேட்கும்.

பெற்றோரைப் பேணுதல் பற்றி மிம்பரில் எத்தனை பயான்கள்! முதுமையில் அவர்களிடம் சலிப்பைக் காட்டும் ஒரு சிறு சொல்லையும் மார்க்கம் தடுத்துள்ளது. உம்மா எந்த வீட்டிற்கு வருவார், கழிப்பறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி உண்டா, இரவில் யார் உடன் படுப்பார் என்பனவற்றை அறுவை சிகிச்சை நடந்த அன்றே பேசி முடிவு செய்திருந்தால், அந்த நான்கு நாட்களும் அந்த வேதனையும் நேர்ந்திருக்காது.

இன்னும் சில உண்டு. ஸஃபர் மாதத்தின் கடைசிப் புதனை ஒடுக்கத்துப் புதன் என்று அஞ்சி, "வியாழக்கிழமை போய்க்கலாம்" என்று ஒருநாள் தள்ளிப்போடும் வழக்கம் சில முதியவர்களிடம் இன்றும் உள்ளது. ஸஃபரில் பீடை இல்லை என்று நபி (ஸல்) அவர்களே தெளிவுபடுத்திய பின் நமக்கு என்ன தயக்கம்? அவ்வாறே, கடைசி நாளன்று நலம் விசாரிக்கப் பத்துப் பேர் கூடி வார்டின் வழியை அடைத்து நிற்பதும் உதவியாகாது. நோயாளியைச் சந்திப்பது நன்மை. அதை அளவோடும் பிறருக்கு இடையூறின்றியும் செய்வது அந்த நன்மையின் ஒழுங்கு.

பொறுமையிழந்து, மருத்துவரின் ஆலோசனைக்கு மாறாகப் போவதாக எழுதிக் கொடுத்துவிட்டு, சம்மரியும் மருந்துச் சீட்டும் இல்லாமல் நோயாளியை அழைத்துச் செல்வோரும் இருக்கிறார்கள். அடுத்த வாரம் நோய் திரும்பினால் வேறு மருத்துவரிடம் காட்ட ஒரு காகிதமும் கையில் இராது. நேரம் ஆனாலும் சம்மரியைப் பெற்று, மருந்துகளின் விவரத்தைச் செவிலியரிடம் ஒருமுறை வாய்விட்டுக் கேட்ட பின்னரே கிளம்ப வேண்டும்.

மருந்துச் சீட்டோடு வழிச்செலவும்

கெய்ரோவில் சுல்தான் கலாவூன் 1284 ஆம் ஆண்டில் எழுப்பிய மன்சூரி மருத்துவமனையைப் பற்றி வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர். அது வக்ஃபு வருமானத்தில் இயங்கியது. ஆண், பெண், செல்வர், ஏழை அனைவருக்கும் இலவசம். குணமடைந்து வெளியேறும் நோயாளி உடனே வேலைக்குச் சென்று மீண்டும் நோயுறாதிருக்க, அவருக்குச் செலவுக்குப் பணமும் கொடுத்து அனுப்பப்பட்டதாகக் குறிப்பிடுகின்றனர். இன்று மருத்துவமனை வாசலில் பணம் கட்டிய பின்பே கதவு திறக்கிறது. அன்றோ நம் முன்னோர் கையில் பணத்தை வைத்துக் கதவைத் திறந்தார்கள். டிஸ்சார்ஜ் என்பதும் சிகிச்சையின் ஒரு பகுதியே என்று அவர்கள் புரிந்திருந்தார்கள்.

அந்த வக்ஃபுகளை இன்று நம்மால் உண்டாக்க இயலாமல் போகலாம். ஆனால் நம் மஹல்லாவின் அளவில் சிலவற்றைச் செய்யலாம்.

முதலாவது, ஒவ்வொரு ஜமாஅத்திலும் மருத்துவமனை விஷயங்கள் அறிந்த இருவரைப் பொறுப்பாக்கலாம். காப்பீட்டு விதிகளையும், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தையும் அவர்கள் அறிந்திருக்க வேண்டும். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களுக்கு ஆண்டிற்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை வழங்கும் திட்டம் அது. நோய் வந்த பின் அட்டைக்கு அலைவதால் சேர்க்கையும் தாமதம், டிஸ்சார்ஜும் தாமதம். நலமாக இருக்கும்போதே தகுதியுள்ள குடும்பங்களுக்கு அட்டை பெற்றுத் தருவது ஒரு மாதத்து வேலை.

இரண்டாவது, பைத்துல் மாலில் மருத்துவமனை பில்லுக்கென ஒரு தொகையைக் கர்ளு ஹஸனாவாகத் தனியே வைக்கலாம். கடைசி நாள் மாலையில் இருபதாயிரம் குறைகிறது என்பதற்காக நகையை வட்டிக்கு அடகு வைக்கும் நிலை நம் பெண்களுக்கு இனி வரக்கூடாது. திருப்பிச் செலுத்த இயலாத அளவு கடனில் மூழ்கியவர் ஜகாத் பெறத் தகுதியுடைய எட்டு வகையினருள் ஒருவராவாரா என்பதை உலமாக்களிடம் கேட்டு முடிவெடுக்கலாம்.

மூன்றாவது, குடும்பங்கள் செய்ய வேண்டியது. சேர்க்கும் அன்றே ஒருவரைப் பொறுப்பாளராக்குங்கள். ஐந்து பேர் ஐந்து விதமாகப் பேசினால் கவுண்டரில் இருப்பவர் குழம்புவார். தினமும் மாலையில் அதுவரையான பில்லைக் கேளுங்கள். நாளை அனுப்பப்படுவாரா என்று முதல் நாள் இரவே மருத்துவரிடம் கேளுங்கள். காப்பீட்டு அட்டை, அடையாள அட்டை, பழைய அறிக்கைகள் ஆகியவற்றை ஒரே உறையில் வையுங்கள். கேட்பதைக் கனிவாகக் கேளுங்கள். இரவுப் பணி முடித்தும் போக முடியாமல் நிற்கும் அந்தச் செவிலியச் சகோதரியும் ஒரு வீட்டின் மகளே. கனிவு எதில் சேர்ந்தாலும் அதை அழகாக்கும் என்பது நபிவழி.

சாச்சா இப்போது நலமாக இருக்கிறார்கள். தைக்கால் தெரு வரை நடந்து பள்ளிக்கு வருகிறார்கள். அந்த ஸ்ட்ரெச்சர் முதியவருக்கு அன்றிரவு கட்டில் கிடைத்ததா என்பது நமக்குத் தெரியாது. நம்மால் ஆனது, அவருக்காகத் துஆச் செய்வதும், நம் வீட்டு நோயாளி அடுத்த முறை கட்டிலை விட்டு எழும்போது அதற்காகக் காத்திருப்பவரை நினைத்து விரைவதுமே. ஒரு மனிதரின் துன்பத்தை இவ்வுலகில் நீக்குபவரின் துன்பத்தை மறுமையில் அல்லாஹ் நீக்குகின்றான் என்று நாம் நம்புகிறோம். சரியான நேரத்தில் காலியாகும் ஒரு கட்டிலும் அத்தகைய நீக்கமே.

யா அல்லாஹ்! நோயுற்றோருக்கு முழுமையான ஷிஃபாவை வழங்குவாயாக. அவர்களைப் பேணுவோரின் கரங்களில் பரக்கத் செய்வாயாக. எங்கள் அளவைகளை நேர்மையாக்குவாயாக. ஆமீன்.